புது விண்டோஸ் 11 கணினிகளில் மட்டும் ஷேர்டு டிரைவ் திறக்கவில்லை – என்ன செய்யலாம்?

அச்சக டிசைனர்

வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 9 கணினிகள். ஒரு பழைய விண்டோஸ் 10 கணினியில் 'டிசைன்' என்ற ஃபோல்டரை ஷேர் செய்து, அதையே எல்லாரும் இசட் டிரைவாகப் போட்டு வேலை பார்க்கிறோம். பாஸ்வேர்டு எதுவும் வைக்கவில்லை. திறந்தால் திறக்கும், அவ்வளவுதான். பல வருடமாக இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது 3 புதுக் கணினிகள் வாங்கினோம். எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ, 24எச்2 பதிப்பு. மூன்றிலும் டிரைவ் திறக்கவில்லை. 'உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை கெஸ்ட் அணுகலைத் தடுக்கிறது' என்கிற மாதிரி ஒரு செய்தி வருகிறது. அப்படிக் கொள்கை எதையும் நாங்கள் போடவில்லை. பிங் செய்தால் பதில் வருகிறது. பழைய கணினிகளில் எல்லாம் சரியாகவே திறக்கிறது.

ஆடி 18க்கு காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும். டிசைன் வேலை பாதியில் நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேகவழி

நண்பரே, இது ரெண்டு நிமிட வேலை. புதுக் கணினியில் குரூப் பாலிசி எடிட்டரைத் திறங்கள். நெட்வொர்க் பகுதியில் 'லான்மேன் வொர்க்ஸ்டேஷன்' என்று இருக்கும். அதில் 'எனேபிள் இன்செக்யூர் கெஸ்ட் லாகான்ஸ்' என்பதை எனேபிள் செய்யுங்கள். அதோடு எஸ்எம்பி (விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் முறை) சைனிங் கட்டாயம் என்று இருப்பதையும் எடுத்துவிடுங்கள். டிரைவ் திறந்துவிடும். முதலில் வேலை நடக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வயர்மேன் மதுரை

தம்பி, மேலே சொன்னதைச் செய்தால் திறக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் ஏன் மூடினார்கள் என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

உங்கள் பழைய கணினியில் 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' அணைத்து வைத்திருப்பீர்கள். அப்படியென்றால் உள்ளே வருகிற எல்லாரையும் அது 'கெஸ்ட்' என்ற ஒரே ஆளாகத்தான் பார்க்கும். டிரைவிலிருந்து ஒரு ஃபைல் காணாமல் போனால் யார் அழித்தது என்று சொல்ல வழியே இல்லை. விண்டோஸ் 10 ப்ரோ இதைச் சகித்துக்கொண்டது. 11 ப்ரோ 24எச்2வில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, கெஸ்ட்டாக வெளியே போய்ச் சேருவது நிறுத்தப்பட்டது. இரண்டாவது, எஸ்எம்பி சைனிங் கட்டாயமானது. அதாவது போகிற வருகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையெழுத்து இருக்க வேண்டும். கெஸ்ட்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை, பாஸ்வேர்டு இல்லாமல் கையெழுத்துக்குச் சாவி உருவாகாது. அதனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது.

ஆக, உங்கள் புதுக் கணினிகளில் கோளாறு எதுவும் இல்லை. பழைய கணினியில் ஆளுக்கொரு பெயர் இல்லாததுதான் குறை. அதைச் சரிசெய்ய ஒரு மாலை போதும்.

வேகவழி

சார், நீங்கள் சொல்வது பெரிய கம்பெனிக்குச் சரி. ஒன்பது பேர் இருக்கிற இடத்தில் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள். யார் வந்து திருடப் போகிறார்கள்? நான் பார்க்கிற சின்ன ஆபீஸ்களில் பாஸ்வேர்டு வைத்தால் மறுநாளே 'திறக்கல' என்று போன் வருகிறது. உற்பத்தி நின்றால் அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது? இதையும் நினைத்துத்தான் சொன்னேன்.

கோவை லினக்ஸ்

வேகவழி தோழருக்கு: உற்பத்தி நிற்கக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இங்கே பயப்பட வேண்டியது ஆட்களை அல்ல. ஒன்பது பேரில் ஒருவர் மெயிலில் வந்த ஒரு 'இன்வாய்ஸை' திறந்தால் போதும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) அந்தக் கணினியோடு நிற்காது. அந்தக் கணினிக்கு இசட் டிரைவில் எழுதும் உரிமை இருந்தால், டிரைவில் இருக்கிற ஃபைல்களையும் வரிசையாகப் பூட்டிக்கொண்டே போகும்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது நினைவிருக்கும். அது எஸ்எம்பி 1 என்ற பழைய பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் போடும்போது எஸ்எம்பி 1இன் சர்வர் பகுதி தானாக இன்ஸ்டால் ஆவதில்லை. இன்றைக்கும் 'டிரைவ் திறக்கவில்லையா, எஸ்எம்பி 1ஐ ஆன் பண்ணு' என்று யூட்யூபில் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த இழையைப் படிக்கிற யாரும் அதைச் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அச்சக டிசைனர்

நன்றி அண்ணா, நன்றி தோழர். ஆளுக்கொரு பெயர் வைக்கத் தயார். முதலாளியிடமும் பேசிவிட்டேன். எங்கிருந்து ஆரம்பிப்பது? பழைய கணினியும் விண்டோஸ் 10 ப்ரோதான்.

வயர்மேன் மதுரை

சரி, நிதானமாகச் செய்யுங்கள். எல்லாரும் கிளம்பின பிறகு உட்காருவது நல்லது.

முதலில் டிரைவ் இருக்கிற கணினி, இனி அதைச் சர்வர் என்றே சொல்கிறேன். அதன் ஐபி முகவரி மாறக்கூடாது. ரவுட்டருக்குள் போய் அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள், உதாரணத்துக்கு 192.168.1.10. ஸ்லீப் போகாமல் பவர் அமைப்பை மாற்றுங்கள். 'மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் டிரைவ் காணவில்லை' என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பாதிக்கு ஸ்லீப்தான் காரணம். நெட்வொர்க் ப்ரொஃபைல் 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கத் தேவையே இல்லை, 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' அனுமதி இருந்தால் போதும். எஸ்எம்பிக்கு வேண்டியது 445 என்ற போர்ட் மட்டுமே.

அடுத்து கணக்குகள். 'கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்' உள்ளே 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' இருக்கும் (ஹோம் பதிப்பில் இது கிடையாது, ப்ரோ என்பதால் உங்களுக்குக் கிடைக்கும்). ஒவ்வொருவருக்கும் ஒரு லோக்கல் கணக்கு உருவாக்குங்கள். பாஸ்வேர்டு கட்டாயம் வேண்டும். பாஸ்வேர்டு காலியாக உள்ள கணக்கை விண்டோஸ் நெட்வொர்க் வழியாக உள்ளே விடாது, நேரில் உட்கார்ந்தால் மட்டும் விடும். அப்புறம் 'டிசைனர்கள்', 'பார்வையாளர்கள்' என்று இரண்டு குரூப் உருவாக்கி ஆட்களை அதில் போடுங்கள். நாளைக்குப் புது ஆள் சேர்ந்தால் குரூப்பில் சேர்த்தால் போதும், ஃபோல்டரைத் தொட வேண்டியதில்லை.

இப்போது உரிமை. நிறைய பேர் தடுமாறுகிற இடம் இதுதான். ஃபோல்டருக்கு இரண்டு பூட்டு உண்டு. 'ஷேரிங்' டேபில் இருக்கிற ஷேர் பர்மிஷன் ஒன்று, 'செக்யூரிட்டி' டேபில் இருக்கிற என்டிஎஃப்எஸ் பர்மிஷன் இன்னொன்று. நெட்வொர்க் வழியாக வருகிறவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஷேரில் 'ஃபுல் கண்ட்ரோல்' கொடுத்துவிட்டு செக்யூரிட்டியில் 'ரீட்' மட்டும் இருந்தால், திறந்து பார்க்கலாம், சேவ் ஆகாது. நான் வழக்கமாக ஷேரில் அந்த இரண்டு குரூப்புக்கும் 'சேஞ்ச்' கொடுத்துவிட்டு, நுணுக்கமான கட்டுப்பாடு எல்லாவற்றையும் செக்யூரிட்டி டேபில் வைப்பேன். 'எவ்ரிஒன்' என்ற பெயரை இரண்டிலும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள்.

பிறகு ஒவ்வொரு கணினியிலும் பழைய இசட் டிரைவைத் துண்டியுங்கள். கிரெடென்ஷியல் மேனேஜரில் அந்த சர்வர் பெயரில் பழையது ஏதாவது சேமித்திருந்தால் அழியுங்கள். 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்து, \\192.168.1.10\டிசைன் என்று உங்கள் ஷேர் பெயரைப் போட்டு, 'கனெக்ட் யூசிங் டிஃபரன்ட் கிரெடென்ஷியல்ஸ்' டிக் செய்யுங்கள். பயனர் பெயர் கேட்கும் இடத்தில் சர்வரின் பெயர், ஒரு பேக்ஸ்லாஷ், அப்புறம் ஆளின் பெயர். 'ரிமெம்பர்' டிக் செய்தால் மறுநாள் கேட்காது. வேகவழி தம்பி சொன்ன 'திறக்கல' போன் வராமல் இருக்க இந்த ஒரு டிக் போதும்.

ஆடிட்டர் ஆபீஸ்

இடையில் ஒரு சந்தேகம். எங்கள் திருச்சி ஆபீஸில் டேலி டேட்டா ஒரு ஷேரில், ஸ்கேன் செய்த ஃபைல்கள் வேறொரு ஷேரில், ஆனால் ஒரே கணினியில். முதல் ஷேருக்கு ஒரு பெயர், இரண்டாவதற்கு வேறு பெயர் கொடுத்தால் 1219 என்று பிழை வருகிறது. ஏன்?

கோவை லினக்ஸ்

ஒரு விண்டோஸ் கணினியில் லாகின் செய்திருக்கிற ஒருவர், ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயரில் போக முடியாது. 1219 சொல்வது அதைத்தான். ஷேருக்கு ஒரு பெயர் என்பதை விட்டு ஆளுக்கு ஒரு பெயர் என்று மாற்றுங்கள், அந்தப் பெயருக்கு இரண்டு ஷேரிலும் வேண்டிய உரிமையைக் கொடுங்கள். சிலர் ஒரு ஷேரைக் கணினிப் பெயராலும் இன்னொன்றை ஐபியாலும் இணைத்துச் சமாளிப்பார்கள். இரண்டும் வெவ்வேறு சர்வர் என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். அப்போதைக்கு ஓடும், ஆனால் ஆறு மாதம் கழித்து வருகிறவருக்குத் தலைவலி.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன், இந்த இழைக்குத் தேடி வருகிறவர்களுக்கு உதவும். 53 என்றால் போகும் வழியே கிடைக்கவில்லை: கேபிள், ஐபி, ஃபயர்வால் பாருங்கள். 67 என்றால் பெரும்பாலும் ஷேரின் பெயரில் எழுத்துப் பிழை. 1326 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் உங்களை அடையாளம் தெரிந்துகொண்டது, ஆனால் உரிமை இல்லை. 71 என்றால் கூட்டம் நிரம்பிவிட்டது: சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது.

ஆடிட்டர் ஆபீஸ்

நன்றி தோழர், பெயரை ஒன்றாக்கியதும் போய்விட்டது. இன்னொன்று. பாதி பேர் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைகிறார்கள். ஷேர் கேட்கும்போது தினமும் போடுகிற பின் நம்பரையே அடிக்கிறார்கள், 1326 வருகிறது.

வயர்மேன் மதுரை

பின் நம்பர் அந்தக் கணினியின் வாசலுக்கு மட்டும்தான் சார், நெட்வொர்க்கில் செல்லாது. சர்வரில் லோக்கல் கணக்கு உருவாக்கி அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுக்கச் சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கை இதில் இழுக்கவே வேண்டாம்.

அச்சக டிசைனர்

அண்ணா, நேற்று இரவு உட்கார்ந்து முடித்தேன். பழைய கணினிகளோடு 3 புதுக் கணினிகளிலும் டிரைவ் திறக்கிறது! ரொம்ப நன்றி.

ஆனால் இரண்டு பிரச்சினை மீதி இருக்கிறது. புதுக் கணினி ஒன்றில் ஸ்கேனர் இருக்கிறது, அதில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து மற்ற இரண்டு புதுக் கணினியில் இதே முறையில் இணைத்தேன். பெயர், பாஸ்வேர்டு எல்லாம் சரி, நாலு தடவை பார்த்துவிட்டேன், ஏற்கவே இல்லை. அதே ஃபோல்டர் பழைய விண்டோஸ் 10 கணினியிலிருந்து திறக்கிறது.

இன்னொன்று வேகம். 800 எம்பி டிஃப் (படம்) ஃபைல் ஒரு கணினியில் பத்து விநாடிக்குள் திறக்கிறது, பக்கத்துக் கணினியில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. இரண்டும் ஒரே ஸ்விட்ச்சில்தான்.

கோவை லினக்ஸ்

முதல் பிரச்சினைக்கு ஒரு கேள்வி. அந்த மூன்று புதுக் கணினிகளிலும் கடைக்காரர் விண்டோஸைத் தனித்தனியாகப் போட்டாரா, அல்லது ஒன்றில் எல்லா சாஃப்ட்வேரையும் போட்டு அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற இரண்டுக்கும் குளோன் செய்தாரா?

கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஹூஆம்ஐ' கட்டளையை, ஒரு இடைவெளி விட்டு '/யூசர்' சேர்த்து, ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமான எண் வரும். அதில் கடைசிப் பகுதி, பெரும்பாலும் 1001 மாதிரி இருக்கும், ஆளுக்கானது. அதை விட்டுவிட்டு நடுவில் இருக்கிற மூன்று பெரிய எண்களை மூன்று கணினியிலும் ஒப்பிடுங்கள்.

அச்சக டிசைனர்

மூன்றிலும் ஒரே எண்! கடைக்காரரிடம் கேட்டேன், குளோன்தான் செய்தாராம்.

கோவை லினக்ஸ்

அதுதான் காரணம். அந்த எண்ணுக்கு எஸ்ஐடி என்று பெயர், கணினிக்குக் கணினி வேறாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் ஒரே எண் இருந்தாலும் விண்டோஸ் கண்டுகொள்ளாது, அதனால் குளோன் செய்வது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்டுகளில் 24எச்2, 25எச்2, சர்வர் 2025 மூன்றும் இதைச் சோதிக்க ஆரம்பித்தன. எண் ஒன்றாக இருந்தால் பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் நுழைய விடாது. உங்கள் பழைய கணினி விண்டோஸ் 10, அதன் எண்ணும் வேறு, அதனால்தான் அங்கே சிக்கல் வரவில்லை.

சரியான வழி, மூன்றில் இரண்டை மறுபடி புதிதாக இன்ஸ்டால் செய்வது. குளோன் எடுக்கும் முன் 'சிஸ்பிரெப்' என்ற கருவியை ஓட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது, கடைக்காரரிடம் அதைச் சொல்லுங்கள். எஸ்ஐடியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்று வருகிற இலவசக் கருவிகளை நம்பாதீர்கள்.

வயர்மேன் மதுரை

வேகத்துக்கு நான் வருகிறேன். மெதுவாக இருக்கிற கணினியில் ஈதர்நெட் அமைப்பில் லிங்க் ஸ்பீடு பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருக்கும், பந்தயமே கட்டலாம். 100 எம்பிபிஎஸ் லைனில் விநாடிக்கு 11, 12 எம்பிதான் போகும். உங்கள் 800 எம்பிக்கு 70 விநாடி. கிகாபிட்டில் விநாடிக்கு 110 எம்பி வரை போகும், ஏழெட்டு விநாடி. உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

கேபிளின் முனையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கிளிப் கீழே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன் என்று இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் ஓட ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்திலோ பிரவுனிலோ ஒரு கம்பி கனெக்டரின் முனை வரை போய் முட்டாமல் அரை மில்லிமீட்டர் குறைவாக நின்றிருந்தால், கனெக்டரின் உலோகப் பல் அதைக் கடிக்காது. லைன் செத்துப்போகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். அதனால்தான் பல இடங்களில் யாருக்கும் தெரியாமலேயே இருக்கிறது. முனையை வெட்டிவிட்டுப் புது ஆர்ஜே 45 போட்டு கிரிம்ப் செய்யுங்கள், வெளி உறையும் கனெக்டருக்குள் போய்ப் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஆட ஆட மறுபடியும் விட்டுவிடும்.

அச்சகம் என்பதால் இன்னும் ரெண்டு விஷயம். மெஷின் மோட்டாருக்குப் போகிற த்ரீ பேஸ் வயரோடு ஒரே பைப்பில் நெட்வொர்க் கேபிளை விடாதீர்கள். கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசினது மலிவாகக் கிடைக்கிறது, வளைத்தால் முறியும். ஸ்விட்ச்சையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் இருந்து, கரண்ட் போகும்போது ஸ்விட்ச் அணைந்தால், சேவ் ஆகிக்கொண்டிருக்கிற ஃபைல் பாதியில் அறுந்துபோகும்.

அச்சக டிசைனர்

அண்ணா, 100தான் காட்டியது! பிரவுன் கம்பி ஒன்று குட்டையாக இருந்தது. மாற்றினதும் 1000 வந்துவிட்டது. முதலாளியின் லேப்டாப்பில் மட்டும் வைஃபையில் டிரைவ் தெரியவில்லை, அதையும் கேட்டுவிடுகிறேன்.

வேகவழி

அது எனக்குப் பழக்கமான கேஸ். ஃபைபர் மோடத்துக்கு அப்புறம் தனியாக ஒரு வைஃபை ரவுட்டர் வைத்திருப்பீர்கள். லேப்டாப்பின் ஐபி 192.168.0 என்று ஆரம்பித்து மற்றவை 192.168.1 என்று இருந்தால், இரண்டும் வேறு தெரு. ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றுங்கள், எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் டிரைவ் தெரியாது, அது அப்படித்தான் இருக்க வேண்டும். கஸ்டமர்களுக்கு அதையே கொடுங்கள்.

கெஸ்ட் லாகான் விஷயத்தில் என் கருத்து இன்னும் கொஞ்சம் வேறுதான். அவசரத்துக்கு ஒரு நாள் திறந்து வைப்பதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு மாலையில் முடிந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகு, என் கஸ்டமர்களுக்கும் முதலில் இதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆடிட்டர் ஆபீஸ்

எங்கள் பழைய ஜெராக்ஸ் மெஷின் ஸ்கேன் செய்து நேராக ஷேரில் போடும். அதற்கு எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியுமாம். சர்வீஸ் ஆள் அதை ஆன் பண்ணச் சொல்கிறார்.

கோவை லினக்ஸ்

வேண்டாம் சார், டேலி டேட்டா இருக்கிற கணினியில் நிச்சயமாக வேண்டாம். முதலில் அந்த மெஷினுக்குப் புது ஃபர்ம்வேர் (மெஷினுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேளுங்கள், சில மாடல்களுக்கு எஸ்எம்பி 2 அப்படி வந்திருக்கிறது. இல்லையென்றால் மெஷினிலேயே மெயிலுக்கு அனுப்பும் வசதியும் எஃப்டிபியும் (ஃபைல் அனுப்பும் இன்னொரு முறை) இருக்கும். எதுவுமே இல்லாவிட்டால் பென் டிரைவ்.

டிசைனர் தோழருக்கும் ஒன்று. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. எல்லாருடைய வேலையும் இருக்கிற கணினி அதில் ஓடக்கூடாது. புது லைசென்ஸ் வாங்க வேண்டாம் என்றால் அதே கணினியில் லினக்ஸ் போட்டு சாம்பா வைக்கலாம், லினக்ஸிலிருந்து விண்டோஸ் கணினிகளுக்கு ஃபைல் ஷேர் செய்யும் மென்பொருள் அது. 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆரம்பித்த திட்டம், இன்று கடையில் விற்கிற நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க்கில் செருகுகிற ஹார்ட் டிஸ்க் பெட்டிகள்) பலவற்றின் உள்ளேயும் ஓடுகிறது. 20 இணைப்பு வரம்பும் கிடையாது. சாம்பாவுக்கு லினக்ஸ் பாஸ்வேர்டு போதாது, தனியாக ஒரு பாஸ்வேர்டு பதிய வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எனக்குப் பிடித்த வசதி அதன் 'ரீசைக்கிள்' மாட்யூல். விண்டோஸில் நெட்வொர்க் டிரைவிலிருந்து அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். சாம்பாவில் இந்த மாட்யூலைப் போட்டால் அழித்ததெல்லாம் ஒரு தனி ஃபோல்டரில் காத்திருக்கும்.

அச்சக டிசைனர்

ஆல்பம் போன பிறகு லினக்ஸ் முயற்சி செய்கிறேன் தோழர். இப்போதைக்கு பேக்கப் எப்படி? இன்னொரு ஹார்ட் டிஸ்க் அதே கணினியிலேயே எப்போதும் செருகியிருக்கிறது, ராத்திரி காப்பி ஆகிறது.

வயர்மேன் மதுரை

எப்போதும் செருகியிருந்தால் ரான்சம்வேர் வரும்போது அதுவும் சேர்ந்து போகும் தம்பி. இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்று எப்போதும் கழற்றி முதலாளி வீட்டில் இருக்கட்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய காலண்டர் ஃபைலை எடுத்து, வேறொரு கணினியில் வைத்துத் திறந்து பாருங்கள். கோரல் டிசைன் மென்பொருளில் முழுசாகத் திறந்தால்தான் பேக்கப் என்று கணக்கு.

வெளியிலிருந்து வந்து போகிற டிசைனர்களுக்குத் தனிக் கணக்கு கொடுத்து, அவர்கள் வேலை பார்க்கிற ஃபோல்டரை மட்டும் திறந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கணக்கை டிசேபிள் செய்தால் போதும், அழிக்க வேண்டாம். அடுத்த சீசனுக்கு அதே ஆள் வருவார்.

அச்சக டிசைனர்

அப்படியே செய்கிறேன் அண்ணா. இரண்டு கணினிகளையும் கடைக்காரர் நாளைக் காலை வந்து புதிதாக இன்ஸ்டால் செய்து தருகிறார். முடிந்ததும் ஸ்கேனர் ஷேர் திறக்கிறதா என்று இங்கேயே எழுதுகிறேன்.

அச்சக டிசைனர்

ஸ்கேனர் ஷேர் இரண்டிலும் திறக்கிறது. மூன்று கணினியிலும் எஸ்ஐடி இப்போது வேறு வேறு.